அண்பல்

"டாக்டரம்மா, பல் வந்துவிட்டது. 'த' வரவில்லை" என்றார் அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மேல்தாடையில் ஒரு பல்கூட மிஞ்சாமல், பத்து வருடமாகக் கழற்றி மாட்டும் செட்டோடு காலம் தள்ளியவர். முந்தின வாரம்தான் தாடை எலும்பில் திருகு போன்ற நான்கு இம்ப்ளான்ட் வைத்து, அவற்றின்மேல் தற்காலிகப் பல்வரிசையை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது அவர் மனைவிக்குக் கண் கலங்கியது. ஆனால் 'தம்பி' என்று சொல்லச் சொன்னால், நாக்கு எதிலோ இடித்தது போல மொத்தையாக ஓர் ஒலி வந்தது.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருப்பதை அன்று அவர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். மேல்வாயை ஒட்டிய பல்லுக்கு 'அண்பல்' என்று பெயர். மேற்பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து படிந்தால் தகரமும் நகரமும். பல்லும் உதடும் சேர்ந்தால் வகரம். நாங்கள் பல் கட்டும் படிப்பில் ஆங்கில எண்களை ஐம்பதிலிருந்து எண்ணச் சொல்லிப் பல்லின் நீளத்தைச் சரிபார்க்கக் கற்றவர்கள். இப்போது என் நாற்காலியில் உட்காருகிறவர்களை 'தாத்தா', 'நந்தவனம்', 'வெள்ளம்', 'சர்க்கரை' என்றுதான் சொல்லச் சொல்கிறேன். 'வெள்ளம்' சொல்லும்போது மேல் முன்பல்லின் விளிம்பு கீழுதட்டை இலேசாகத் தொட வேண்டும். அழுத்தினால் பல் நீளம்; எட்டாமல் நின்றால் குட்டை.

அந்த ஆசிரியரின் பல்வரிசையை உடனே கழற்றித் திருத்தவில்லை. ஆறாத எலும்பில் இருக்கும் பல்லைக் கழற்றி மாட்டுவது இம்ப்ளான்டை அசைக்கும். இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படித்துவிட்டு வரச் சொன்னேன். நாக்கு பாதி பழகிக்கொண்டது. மீதிக்கு, முன்பல்லின் உட்புறத்தில் டால்கம் பவுடரைத் தடவி 'த' சொல்லச் சொன்னேன். நாக்கு பட்ட இடத்தில் பவுடர் அழிந்தது. வாயில் இருந்தபடியே அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்தேன். மறுபடி பவுடர், மறுபடி 'த'. அதிகம் தேய்த்தால் அக்ரிலிக் மெலிந்து ஒடியும். குறைவாகத் தேய்த்தால் நாக்குக்கு இடம் போதாது. மூன்றாவது முறை வந்தபோது அவர் தன் பேத்தியின் பெயரைச் சொன்னார், தெளிவாக. அதில் இரண்டு தகரம்.

முழுத்தாடைப் பல் கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபரேஷனைப் பற்றியே கேட்கிறார்கள். "வலிக்குமா?" மரத்துப்போகும் ஊசி போட்டபின் அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியாது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். கன்னத்தில் ரத்தக்கட்டு மஞ்சளாகிக் கரையும். இவ்வளவுதான் அந்தப் பகுதி. அவர்கள் கேட்காத பகுதிதான் பெரிது: தற்காலிகப் பல்லோடு கழிக்கும் மாதங்கள்.

அந்த மாதங்களுக்குக் காரணம் எலும்பு. ஸ்வீடனில் 1952-ல் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன சிறு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கவனித்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் போனால் கருவி வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-ல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் நான்கு இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை அவை தாங்கின. எங்கள் தொழில் முழுக்க அந்த எலும்பின் இசைவில்தான் நிற்கிறது. அந்த இசைவு வர கீழ்த்தாடையில் மூன்று நான்கு மாதம், மேல்தாடையில் ஆறு மாதம்வரைகூட ஆகும்.

ஆனால் பல் எடுத்த இடத்தில் அந்த எலும்பே வற்றும். மேல்தாடையின் பின்பக்கம் மூக்கையொட்டிய காற்றறை இறங்கி வந்துவிடும். கீழே உதட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு வெளிவரும் துளை குறுக்கே நிற்கும். லிஸ்பனில் பாவ்லோ மாலோ என்ற பல் மருத்துவர் செய்துகாட்டிய வழி, முன்னால் இரண்டு இம்ப்ளான்டை நேராகவும் பின்னால் இரண்டைச் சாய்த்தும் இறக்குவது. அதனால் பலருக்குக் காற்றறையையும் நரம்பையும் தொடாமல், எலும்பு வைத்துத் தைக்காமல், வேலை முடிகிறது. இதற்காகத்தான் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறோம். அந்தப் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு முழு மாலை உட்காராமல் நான் கத்தியைத் தொடுவதில்லை.

'ஒரே நாளில் பல்' என்ற விளம்பரம் பொய் இல்லை, பாதி உண்மை. இம்ப்ளான்டை முடுக்கும்போது பிடி நன்றாக இருந்தால், வழக்கமாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவாவது காட்டினால், அன்றோ மறுநாளோ தற்காலிகப் பல் மாட்டலாம். ஆனால் அன்று அதைப் பிடித்திருப்பது முடுக்கிய இறுக்கம் மட்டுமே. பிறகு பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளர வேண்டும். அந்த இடைவெளியில், மூன்றாம் நான்காம் வாரத்தில், பிடி மிகவும் குறைந்திருக்கும். சோதனை என்னவென்றால், வீக்கமும் வலியும் போய் ஆளுக்குத் துணிச்சல் வருவதும் அதே வாரத்தில்தான்.

ஓர் அம்மாவுக்கு அந்த நான்காம் வாரத்தில் தீபாவளி வந்தது. "ஒரே ஒரு முறுக்கு, டாக்டரம்மா" என்று அந்த அம்மா சொன்னபோது கையில் பல்வரிசை இரண்டு துண்டாக இருந்தது. ஒரு இம்ப்ளான்ட் அசைந்தது, எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி வைக்க மாதங்கள் காத்திருந்தோம். குற்றம் என்னுடையது. 'மெத்தென்று சாப்பிடுங்கள்' என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றுமுதல் எழுதியே கொடுக்கிறேன்: குழைந்த சாதம், இட்லி, ரசம், பருப்பு, மசித்த காய், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன். முறுக்கு, கரும்பு, பாக்கு, கடலை, எலும்புக் கறி மூன்று மாதத்துக்குக் கிடையாது. தேதியையும் போட்டு வீட்டில் சமைக்கிறவர் கையில் கொடுக்கிறேன்.

தற்காலிகப் பல் ஒரு கையெழுத்துப் பிரதி. அக்ரிலிக்கில் ஒட்டலாம், தேய்க்கலாம், நீளம் கூட்டலாம். கன்னம் கடிபடுகிறதா, சிரித்தால் ஈறும் பல்லும் சேரும் கோடு தெரிகிறதா, உதடு உப்பியிருக்கிறதா, எல்லாம் இந்த மாதங்களில்தான் தெரியவரும். அதில் தேறிய வடிவத்தை ஸ்கேன் செய்துதான் லேபில் ஸிர்கோனியாவில் கடைகிறார்கள். ஸிர்கோனியாவைத் தேய்க்க முடியும், சேர்க்க முடியாது. ஆகவே உறுத்துவதை மனத்தில் வைத்துக்கொண்டு "பரவாயில்லை டாக்டர்" என்று எழுந்து போகாதீர்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்; குறையைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்: இயற்கைப் பல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய நார்ப்படலம் இம்ப்ளான்டுக்கு இல்லை. சோற்றில் கல் கடிபட்டால் உடனே சுரீர் என்று தெரியாது. கடியின் அளவைத் தாடை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொள்ளும்.

காப்பாற்றக்கூடிய பற்கள் இருக்கும்போது இதைச் செய்ய நான் ஒப்புவதில்லை. நாலைந்து பல் ஆடுகிறது என்பதற்காக முழு வரிசையையும் பிடுங்குவது தவறு. சர்க்கரை கட்டுப்படாதவர்களும் பீடி சிகரெட்டை விடாதவர்களும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் எத்தனை வருடத்துக்கு முன்பு என்றாலும் சொல்லியாக வேண்டும். சில மருந்துகள் தாடை எலும்பை ஆறவிடாது.

இம்ப்ளான்ட் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகும், எலும்பு கரையும், வலியே இல்லாமல். ஈறுக்கும் பல்வரிசைக்கும் நடுவிலுள்ள சந்தில் சிறு பிரஷ்ஷும் தண்ணீர் பீச்சும் கருவியும் தினமும் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

பணம் கட்டி முடிக்கும் நாளில் ஓர் அட்டை கேட்டு வாங்குங்கள். இம்ப்ளான்டின் கம்பெனிப் பெயர், நீளம், விட்டம், லாட் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் திருப்புளி எது என்று அங்குள்ள டாக்டருக்கு அந்த அட்டைதான் சொல்லும்.