எஞ்சிய முக்கால் பங்கு

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பாடத்தை நடத்தி முடிக்கிறார். "புரிந்ததா?" என்று வினவுகிறார். "புரிந்தது" என வகுப்பே ஒருமித்து விடையளிக்கிறது. மறுநாள் அப்பாடத்தை விளக்குமாறு ஒரு மாணவரை எழுப்பினால், அவருக்கு நா எழவில்லை. முதல்நாள் அவர் சொன்னது பொய்யன்று. கேட்டபொழுது புரிந்தது உண்மையே. ஆயினும், கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, கற்றுக்கொள்வது வேறு.

இவ்வேறுபாட்டை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் கணக்கிட்டுக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை மாணவர் முழுமையாக உள்வாங்கினாலும் அவர் பெறுவது காற்பங்குப் புலமையே என்கிறது நன்னூலின் பொதுப்பாயிரம். உடன் கற்பவரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்பொழுதுதான் கைகூடும்.

காற்பங்கு என்பதனால் ஆசிரியரின் பணி சிறிதாகிவிடாது. இடமும் காலமும் அறிந்து, முகமலர்ச்சியோடு, கேட்போரின் கொள்திறம் உணர்ந்து கற்பிக்க வேண்டும் என்று அந்நூலே ஆசிரியர்க்கு நெறி வகுக்கிறது. விதைப்பவர் ஆசிரியர்; விதை முளைக்க வேண்டிய நிலமோ மாணவரின் மனம். செருமானிய உளவியலறிஞர் எர்மன் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம் நினைவாற்றலை ஆராய்ந்தார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டு மீளப் படிப்பது நிலைக்கிறது. கேட்டவற்றை மீண்டும் மீண்டும் சிந்திக்க வேண்டும் என்று நன்னூல் மாணவர்க்குக் கூறுவதும் இதனோடு ஒத்துச் செல்கிறது.

இரண்டாம் காற்பங்கைத் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் நன்கு அறிந்திருந்தன. மூத்த மாணவர் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பார். சிறுவர் மணலில் விரலால் எழுதி எழுத்தறிவர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் இசுக்காத்துலாந்துக்காரர், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் விரிவாக்கினார். 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. ஆயினும் பொருளுணராமல் ஒப்பிக்கும் இடங்களில் அம்முறை உயிரற்றுப் போயிற்று. ஒப்பிப்பவரிடமிருந்து அடுத்தவர் பெறுவதும் ஒப்பித்தலே.

எஞ்சிய அரைப்பங்கின் அருமையை உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை உணர்த்துகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனப் பல நூல்களைப் பாடங்கேட்டவர் அவர். 1880இல் தம் 25ஆம் அகவையில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே, அவ்வூரில் நீதித்துறைப் பணியில் இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசையாகச் சொல்ல, முதலியாரோ அவற்றுக்கு முற்பட்ட சீவக சிந்தாமணி போன்ற நூல்களைப் பற்றி வினவினார். ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவர்க்கு அது எளிதில் விழுங்கத்தக்க வினாவன்று.

சினந்து விலகியிருக்கலாம், தெரிந்ததுபோல் நடித்துமிருக்கலாம். ஐயர் இரண்டையும் செய்யவில்லை. முதலியார் தந்த படியைப் பெற்று, அந்நூலை அவருக்கே பாடம் சொல்லத் தொடங்கினார். தனியே படித்திருந்தால் கடந்து போயிருக்கக்கூடிய ஐயங்கள், மற்றொருவர்க்கு விளக்க முற்பட்டபொழுது வழிமறித்து நின்றன. சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணரை நாடி, கல்லூரி ஆசிரியர் மீண்டும் மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவையும் அவரால் பின்னர் வெளிவந்தன. அன்று அவர் தம் அறியாமையை மறைத்திருந்தால், அச்சுவடிகளுள் எத்தனை கறையானுக்கு இரையாகியிருக்குமோ!

இன்றைய மாணவர்க்கும் அதே வாயில் திறந்தே இருக்கிறது. படித்த பாடத்தை ஏட்டை மூடிவிட்டுத் தோழர் ஒருவர்க்குச் சொல்லிப் பார்க்கலாம். எந்த இடத்தில் சொல் தடுமாறுகிறதோ அந்த இடமே இன்னும் கற்கப்படாதது. அதனைக் கண்டுகொண்டவர் மறுநாள் வகுப்பில், "இது புரியவில்லை, ஐயா" என்று எழுந்து சொல்லலாம். நகைப்பார்களோ என்னும் அச்சம் சிறிது நேரம் இருக்கும். ஆயினும் அவ்வொரு வினா, கேட்க அஞ்சி அமர்ந்திருக்கும் பலருடைய வினாவாகவும் இருக்கக்கூடும். ஆசிரியர் தம் காற்பங்கைத் தந்துவிட்டார். எஞ்சிய முக்கால் பங்கை மாணவர்தாம் தேடிக்கொள்ள வேண்டும்.