மருந்துக்கு நடுவே ஒரு வேளூர்ப் பயணம்

சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே அமைந்துள்ள வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்பது பழம்பெயர். புள்ளாகிய ஜடாயு, இருக்கு வேதம், வேளாகிய முருகப்பெருமான், ஊர் எனப்படும் சூரியன் ஆகியோர் வழிபட்ட தலம் என்று அதற்குப் பொருள் உரைப்பர். சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தில் வைத்தியநாதர் மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். வைத்தியருக்குத் துணையாகத் தையல்நாயகி அம்மை தைலப் பாத்திரம் ஏந்தி வந்தாள் என்பது ஐதிகம்.

நோயுற்றோர் இங்கு வருவது புதிதன்று. ஆனால் தலையை முந்தானையாலோ துண்டாலோ போர்த்தி, முகக்கவசம் அணிந்து, தூணுக்குத் தூண் அமர்ந்து இளைப்பாறிச் செல்வோரை இப்போது பிராகாரத்தில் அடிக்கடி காண முடிகிறது. புற்றுநோய்க்கான கீமோதெரபியின் இடையிலேயே வந்தவர்கள் இவர்கள். “எல்லாம் முடியட்டும், பிறகு போகலாம்” என்று பிள்ளைகள் சொல்வர். முடியும்வரை இருப்போமா என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் ஓடும். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு நடை வேளூர் போய் வரலாமே என்பதோடு நிறுத்திக்கொள்வர். அந்த வேண்டுகோளை எளிதில் தள்ளிவிடலாகாது. அதே சமயம், பஞ்சாங்கத்தைப் புரட்டுமுன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பதே முறை.

பொதுவாகக் கீமோ மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெறுவோருக்கு, அடுத்த தவணைக்கு முந்தைய சில நாள்களே பெரும்பாலும் ஏற்றவை. மருந்துக்கு மருந்து இது மாறுபடும் என்பதால், நாளைக் குறித்துத் தர வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே.

செவ்வாய்க்கிழமை அங்காரகன் சன்னிதியில் நெரிசல் மிகுதி. சித்திரையில் நகரத்தார் பாதயாத்திரையாக வந்து சேரும் நாள்களில் ஊரே நிரம்பி வழியும். உடல் தளர்ந்தவர்கள் சாதாரணமான ஒரு வியாழனன்று காலையில் வந்தால், அம்மன் சன்னிதியில் மனம்கொள்ள நின்று தரிசிக்கலாம்.

சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பது இங்கு வழக்கம். அதை உறவினர் ஒருவர் செய்தால் போதும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர் குளத்து நீரில் இறங்கவோ அதைப் பருகவோ கூடாது. திருச்சாந்து உருண்டையை உட்கொள்வதையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். அதுவரை அது பூஜை அறையில் இருக்கட்டும். முடி காணிக்கை நேர்ந்தவர்கள் சிறிது பொறுக்கலாம். சவரக் கத்தியின் சிறு கீறலும் இந்நிலையில் கிருமிக்கு வழிவிடும். நேர்த்திக்கடனுக்குத் தவணை கேட்டால் வட்டி போடுபவரல்லர் வைத்தியநாதர்.

சென்னையிலிருந்து சுமார் 250 கி.மீ. காரில் வருவோர் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது நன்று. நெடுநேரம் அசையாதிருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் இவர்களுக்கு அதிகம். ரயிலில் புற்றுநோயாளருக்குரிய கட்டணச் சலுகை மருத்துவமனைக்குச் சென்று வருவதற்கே உரியது. தல யாத்திரைக்கு அதைக் கேட்பது முறையன்று. சிகிச்சைச் சுருக்கத்தின் நகலும் வெப்பமானியும் கைப்பையில் இருத்தல் அவசியம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் தரிசனத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள நாடி ஜோதிட நிலையங்களின் ஆள்கள் தளர்ந்த முகத்தைக் கண்டதும் அணுகுவர். ஓலையில் எது வந்தாலும் மருந்தின் தவணை மாறக்கூடாது.

சன்னிதித் தெருக் கடைகளில் கண், கை, கால் எனத் தகட்டில் செய்த வெள்ளி உருக்கள் விற்கின்றன. நோயுற்ற உறுப்பின் உருவை உண்டியலில் சேர்ப்பது பிரார்த்தனை. மார்பக அறுவை செய்துகொண்ட ஓர் அம்மையார் கணவருடன் வந்து, ஐந்தாம் கீமோவுக்கு மூன்று நாள் முன்பு, அத்தகைய கடை ஒன்றின்முன் வெகுநேரம் நின்றார். எந்த உருவென்று கேட்க நா எழவில்லை. கணவர் தயங்கிப் பணப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடையிலிருந்த மூதாட்டி இருவரையும் பார்த்தார். ஒன்றும் வினவாமல் முழு உருவத் தகடு ஒன்றை எடுத்து, “இத வாங்கிக்கம்மா, எல்லாம் இதுலயே அடக்கம்” என்றார். “என்ன விலைங்கம்மா?” என்று கேட்டபோதுதான் அந்த அம்மையாருக்குக் குரலே வந்தது. அதை உண்டியலில் சேர்த்தபின் கொடிமரத்தருகே அமர்ந்தவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சிய நீரைப் பருகிவிட்டு, “பசிக்குதுங்க” என்றார். கணவர் பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை அவசரமாகப் பிரித்தார்.

ஊரில் இரவு தங்க இயன்றவர்கள் அர்த்தசாம பூஜையைத் தவறவிடலாகாது. இங்கு முதலில் செல்வமுத்துக்குமார சுவாமிக்குப் புழுகாப்பு சாத்தி வழிபாடு நடந்த பின்னரே வைத்தியநாதருக்குப் பூஜை நடைபெறும். அந்நேரத்தில் கூட்டம் குறைவு, அமர்ந்தபடியே காணலாம்.