விட்ட இடம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூரைக் கடந்ததும் வரும் ஊர் வடமாலபேட்டை. அங்கே சாலையோரத்தில் என் தந்தை தேநீர்க் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் தந்தையை ‘நைனா’ என்றே அழைப்போம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. கடைமுன் வந்து நின்ற தமிழ்நாட்டுப் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளே எனக்கு முதல் தமிழ்ப் பாடநூல். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் ‘திருத்தணி’.

நான்காம் வகுப்பில் படித்தபோது புளியமரத்திலிருந்து விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டேன். கை கால் முறிந்தால் எங்கள் ஊரார் நாடுவது புத்தூர்க் கட்டைத்தான். பச்சிலையும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் பட்டைகளை வைத்துத் துணியால் இறுகக் கட்டுவார்கள். ஐந்து வாரங்களில் எலும்பு கூடிவிட்டது. பாடந்தான் கூடவில்லை.

நான் பள்ளியை விட்டபோது வகுப்பில் பெருக்கல் நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது வகுத்தல் முடிந்து பின்னம் தொடங்கியிருந்தது. ஆசிரியர் கடுமையானவர் அல்லர். ஒரே அறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஒரே பக்கம். ‘நீ எங்கே விட்டாய்?’ என்று தனியே கேட்க அவருக்கு நேரம் ஏது? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பிக்கும்போது நானும் வாயை அசைப்பேன். குரல் வராது. அந்தப் பெருங்குரலுக்குள் ஒளிந்துகொள்வது எளிதாக இருந்தது. மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். அன்று மனத்தில் பதிந்த வாய்பாடு இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் ஒளிந்துகொள்ள அது இடம் தந்ததும் உண்மை.

ஒரு நாள் நைனா கேட்டார்: “பால்காரருக்கு வாரத்துக்கு எண்பத்து நாலு ரூபாய். அப்படின்னா ஒரு நாளைக்கு எவ்வளவுடா?”

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு தீப்பெட்டிகளைக் கவிழ்த்து, எண்பத்து நான்கு குச்சிகளை எண்ணி எடுத்து, ஏழு குவியல்களாக ஒவ்வொன்றாகப் பங்கிடச் சொன்னார். குவியலுக்குப் பன்னிரண்டு குச்சிகள் வந்தன. வகுத்தல் என்பது பங்கிடுதல் என்று அன்றுதான் அறிந்தேன். எனினும் அதற்கு முன் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் என்னைவிட்டு நெடுநாள் அகலவில்லை.

பின்னர் உறவினர் வீட்டில் தங்கிச் சென்னையில் படித்தேன். மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியரானேன். 2003ஆம் ஆண்டில், மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால், சில பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. அதன் மூலத்தைக் கண்டுவர ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் நானும் ஒருவன். என் சொந்த ஊரைக் கடந்துதான் பேருந்து சென்றது.

அன்றைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகில் உள்ளது ரிஷிவேலி. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையால் உருவான பள்ளி அது. ஆனால் நாங்கள் காணச் சென்றது அந்தப் பெரிய பள்ளியை அன்று. சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அதன் ஊரகக் கல்வி மையம் நடத்திய சிறு பள்ளிகளையே. பத்மநாப ராவ், ரமா என்னும் இணையர் அங்கு ஒரு புதிய முறையை வடிவமைத்திருந்தனர்.

ஓர் அறை, பல வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர் தரையில் அமர்ந்திருந்தார். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள். பாடநூலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை செய்திருந்தனர். அட்டையில் ஒரு சின்னமும் எண்ணும் இருக்கும். அதே சின்னங்கள் சுவரில் தொங்கும் ‘ஏணி’யில் வரிசையாக இருக்கும். தான் நிற்கும் படியை ஏணியில் கண்டு, உரிய அட்டையை எடுத்துவந்து, உரிய குழுவில் அமர்வது பிள்ளையின் வேலை.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்தாள். பெற்றோருடன் வேர்க்கடலை அறுவடைக்குச் சென்று, பத்து நாள்களுக்குப் பின் திரும்பியவள் என்றார் ஆசிரியர். அவள் ஏணியருகே சென்றாள், விரலால் மேலிருந்து கீழாகத் தேடினாள், ஓரிடத்தில் நிறுத்தினாள். அட்டையை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. உடன் வந்தவர்கள் தூசி என்று எண்ணியிருப்பார்கள்.

உங்களுள் பலர் பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். அத்தகைய பிள்ளைகளின் படிப்பு தடைப்படாதிருக்க, எங்கும் ஒரே பாடத்திட்டம் என்பது 1963இல் தொடங்கிய மையப் பள்ளிகள் கண்ட வழி. நல்ல வழிதான். ஆயினும் கை முறிந்து வீட்டில் கிடக்கும் பிள்ளைக்காக ஒரே பாடத்திட்டம் காத்திருக்குமா?

செயல்வழிக் கற்றலிலும் குறைகள் இருந்தன. 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அது பரவியது. அட்டைகள் கிழிந்தால் உடனே புதியவை கிடைப்பதில்லை. “பிள்ளை விளையாடத்தான் பள்ளிக்கு வருகிறதா?” என்று ஒரு தந்தை என்னிடமே கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. ஆசிரியர் கவனிக்காவிட்டால் ஒரு பிள்ளை ஒரே படியில் வாரக்கணக்கில் அமைதியாக அமர்ந்திருக்கக்கூடும். என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். அவனை நான் கண்டுகொள்ள மூன்று வாரங்கள் ஆயின.

அவன் நின்றிருந்த படியும் வகுத்தல்தான். மறுநாள் காலை, பள்ளிக்குச் செல்லும் வழியில் இரண்டு தீப்பெட்டிகள் வாங்கிக்கொண்டேன்.