தை மாதத்தில் எட்னாவை வலம் வருதல்

சுற்றுலாக் கம்பெனிகளின் கணக்கில் சிசிலித் தீவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஆஃப் சீசன். விமான டிக்கெட் விலை இறங்குகிறது, கடலோர ஹோட்டல்கள் பல பூட்டப்படுகின்றன, மணலில் நட்ட குடைகள் கிடங்குக்குப் போய்விடுகின்றன. அந்த மாதங்களில் போகிறவருக்குச் சொல்லப்படும் சமாதானமும் ஒன்றேதான்: கூட்டம் இருக்காது, செலவு குறையும். நல்ல சரக்கு தீர்ந்த பிறகு தள்ளுபடியில் கிடைக்கும் மிச்சம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்தத் தீவின் ஆண்டில் வரவு பெரும்பாலும் குளிர்காலத்தில் வருகிறது; கோடை அதை எடுத்துச் செலவழிக்கிறது. மத்தியதரைக்கடல் பருவநிலையின் அடிப்படையே மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில் என்பதுதான். ஜூலையில் பழுப்பேறிக் கிடக்கும் குன்றுகள் ஜனவரியில் பச்சை. கடற்கரையில் நின்றால் இது தெரியாது. உள்ளே போகும் ஒரு பாதையைப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஏற்றது சிர்க்குமெட்னேயா ரயில் பாதை. கத்தானியா நகரில் புறப்பட்டு, எட்னா எரிமலையைக் கிட்டத்தட்ட முழுதாகச் சுற்றி, ரிப்போஸ்தோ துறைமுகத்தில் முடிகிறது. கரையோரமாக நேரே போனால் சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியை இது சுமார் 110 கிலோமீட்டரில் கடக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே 950 மில்லிமீட்டர்தான். முதல் பகுதி 1895-இல் திறந்தது, 1898-இல் முழுப் பாதையும் ஓடத் தொடங்கியது. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருப்பதால் நம் ஊர்க்காரருக்குக் கிரிவலம் நினைவுக்கு வரும். ஆனால் இது பக்திக்கோ வேடிக்கைக்கோ போட்ட பாதை இல்லை. அடிவார ஊர்களைத் துறைமுகத்தோடும் நகரத்தோடும் இணைக்கப் போட்டது. இன்றும் அந்தச் சிறிய டீசல் வண்டியில் அதிகம் ஏறுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கிடையாது. பள்ளி நடக்கும் மாதங்கள்தான் இந்த ரயிலுக்கே சீசன். கத்தானியா முனையில் மெட்ரோ நீட்டிப்பு வேலை நடப்பதால் அங்கே ஒரு பகுதியைப் பேருந்தில் கடக்க வேண்டியிருக்கும். காட்சிப்பொருளாகிவிட்ட ரயிலுக்கு யாரும் மெட்ரோ போட மாட்டார்கள். அதனால் எனக்கு இது குறையாகப் படவில்லை.

கத்தானியாவிலேயே முதல் சாட்சியம் கிடைக்கிறது. நகரத்தின் காவல் புனிதை அகத்தாவின் திருவிழா பிப்ரவரி 3 முதல் 5 வரை. வெள்ளை அங்கி போட்ட பக்தர்கள் நீண்ட வடங்களைப் பிடித்து வெள்ளித் தேரை இழுக்கிறார்கள். மீன்காரர், ரொட்டிக்காரர், கசாப்புக்காரர் என்று ஒவ்வொரு தொழில் கூட்டமும் தன் உயரமான மரக் கோபுரத்தைத் தோளில் சுமந்து வருகிறது. ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் உருகி எட்னேயா வீதியின் எரிமலைக் கற்பாளங்களில் உறைகின்றன. வழுக்காமலிருக்க மரத்தூள் தூவி, பிறகு சுரண்டி எடுக்கிறார்கள். புனிதை இறந்த தேதி அப்படி அமைந்துவிட்டது, இதில் பருவத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே புனிதைக்கு ஆகஸ்ட் 17 அன்றும் ஒரு விழா உண்டு. 1126-இல் அவர் திருப்பண்டங்கள் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து திரும்பி வந்த நினைவு. இரண்டு தேதிகள் கையில் இருந்தும், ஊர் தன்னை முழுதாகக் கொட்டுவது பிப்ரவரியில். ஆகஸ்டில் தேரிழுப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதற்கு ஓர் எண் போதும்: 2021 ஆகஸ்ட் 11 அன்று தெற்கே சிராக்கூசா அருகில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவின் உச்சம் அதுவே என்று உலக வானிலை அமைப்பும் ஏற்றுக்கொண்டது.

நகரம் தாண்டியதும் சிமெத்தோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாத்தெர்னோ வருகிறது. என் வாதத்தின் பலமான இடம் இதுதான். இங்கே விளைவது சிவப்பு ஆரஞ்சு. தரோக்கோ, மோரோ, சாங்குவினெல்லோ என்ற மூன்று ரகங்களும் டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கு வருகின்றன. டிசம்பர் தரோக்கோ ஒன்றை நறுக்கினால் மஞ்சள் சுளையில் அங்கங்கே நூல் இழை போலச் சிவப்பு. நன்றாகக் குளிர் வாங்கிய மோரோ கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கே கறுத்திருக்கும், சாறு விரலில் ஒட்டிக் கறையாகும். அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் மரபணு எப்படித் தூண்டப்படுகிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் விளக்கினார்கள்: மரபணுவுக்குப் பக்கத்தில் வந்து செருகிக்கொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டு குளிர் பட்டால் விழித்துக்கொள்கிறது. பகலில் வெயில், இரவில் எட்னாவிலிருந்து இறங்கும் குளிர், இரண்டும் வேண்டும். இதே கன்றை வெப்பநாட்டில் நட்டால் பழம் வெளிறியே நிற்கும். பறித்த பிறகு குளிர் அறையில் வைத்துத்தான் நிறம் ஏற்ற முடியும். ஆக, தீவின் பேர்போன பழம் குளிர்காலத்தில் விளைவது தற்செயல் இல்லை. குளிர்காலம் இல்லாவிட்டால் அது வெறும் ஆரஞ்சு.

பியான்காவில்லா, அத்ரானோ பக்கம் வண்டி ஏறும்போது வேலியோரமெல்லாம் சப்பாத்திக்கள்ளி. அதன் பழத்தை இங்கே தோட்டப்பயிராக வளர்க்கிறார்கள். தானாக விட்டால் ஆகஸ்டில் பழுத்துவிடும். ஆனால் ஜூன் மாதத்தில் முதல் பூக்களைத் தட்டி உதிர்த்துவிடுகிறார்கள். செடி மறுபடி பூத்து, இலையுதிர்கால மழையில் பழுக்கிறது. பழம் பெரிது, விதை குறைவு, விலை கூடுதல். கோடையில் கிடைப்பதை வேண்டாமென்று தள்ளி, குளிருக்கு நெருக்கமாக அறுவடையை நகர்த்தும் விவசாயிக்கு எது சீசன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து வரும் ப்ரோந்தே என் கட்சிக்கு எதிர்ச்சாட்சி. அங்கே பிஸ்தா. கறுத்த எரிமலைக் குழம்புப் பாறையின் வெடிப்புகளில் வேரிறங்கி நிற்கும் மரங்களில் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது, அதுவும் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும். ஜனவரியில் போகிறவருக்குக் காணக்கிடைப்பது கறுப்புக் கல்லில் சாம்பல் நிற மொட்டைக் கிளைகள். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மொட்டையாக நிற்கும் அந்த வாரங்கள் மரத்துக்கு வீண் வாரங்கள் இல்லை. போதுமான மணி நேரம் குளிரில் உறங்கினால்தான் பிஸ்தா ஒழுங்காகத் துளிர்த்துப் பூக்கும். செப்டம்பரில் மூட்டைக்குள் விழுவதும் ஜனவரியின் வரவுதான்.

மலெத்தோவுக்கும் ராந்தாட்சோவுக்கும் நடுவில் பாதை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே வண்டியின் வலப்பக்கச் சன்னல் முழுக்க வெண்பனி. இந்தப் பனிதான் ஒரு காலத்தில் வியாபாரச் சரக்கு. எரிமலைக் குகைகளிலும் குழிகளிலும் பனியை அமுக்கி, மேலே சாம்பல் மூடி வைத்து, கோடையில் கோவேறு கழுதையில் இறக்கினார்கள். மால்டாத் தீவுவரை கப்பலில் போனது. கத்தானியா ஆயருக்கு அதில் நல்ல வருமானம். இன்று ஜூலைச் சுற்றுலாக்காரர் காலை உணவாகச் சாப்பிடும் கிரனீத்தா அந்தச் சேமித்த பனியில் பிறந்த பண்டம். ஐஸ் மெஷின் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை: எட்னாவின் நுண்துளைப் பாறை குளிர்கால மழையையும் உருகும் பனியையும் உறிஞ்சி வைத்திருப்பதால்தான் அடிவாரத்தில் ஊற்றும் கிணறும் ஓடுகின்றன. அந்த வரவு குறைந்தால் என்ன ஆகும் என்பது 2024-இல் தெரிந்தது. மழை பொய்த்து தீவு முழுவதும் வறட்சி. மலையிலிருந்து தள்ளியிருக்கும் அக்ரிஜெந்தோவில் விடுதிக்காரர்கள் தண்ணீர் இல்லாமல் வந்த விருந்தினரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் வரும். பகல் சிறிது, மழையில் பாதி நாள் போகும், மலை ஊர்களில் பல கதவுகள் மூடியிருக்கும் என்பது முதலாவது. உண்மை, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டும். திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எரிமலை சும்மா இருக்குமா என்பது இரண்டாவது. 1981 மார்ச்சில் குழம்பு ராந்தாட்சோ ஊரை நூலிழையில் விட்டு விலகி இந்தத் தண்டவாளத்தை அறுத்துக்கொண்டு போனது. 1928 நவம்பரில் மஸ்காலி ஊரையே விழுங்கியது. ஆனால் எட்னாவுக்கு நாள்காட்டி கிடையாது. கோடையிலும் அது சாம்பல் கக்கி விமான நிலையத்தை மூடும். மூன்றாவதுதான் கனமானது: குளிர்காலம் நல்லது என்று எல்லோரும் கிளம்பினால் அதையும் கெடுத்துவிட மாட்டார்களா? கொஞ்சம் கெடும். ஆனாலும் அணைகள் வற்றும் ஆகஸ்டில் வரும் ஆயிரம் பேரும், அவை நிரம்பும் பிப்ரவரியில் வரும் ஆயிரம் பேரும் தீவுக்கு ஒரே சுமை அல்ல. கோடைக் கூலியை நம்பிப் பல மாதம் வேலையின்றி இருக்கும் ஹோட்டல் பணியாளருக்கும் ஆள் வரத்து பரவினால் நல்லதே. கடற்கரையில் குடை வாடகைக்கு விடுகிறவருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

ராந்தாட்சோவிலிருந்து பாதை இறங்குமுகம். லிங்குவாகுளோஸா சரிவுகளில் கருங்கல் வரப்புகளுக்கு நடுவே திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும் காலம் இது. மேலே பியானோ ப்ரொவென்சானாவில் 2002 வெடிப்பு அழித்த பனிச்சறுக்கு மையத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பிறகு ஜார்ரே, கடைசியாக ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய்கள் கப்பலேறிய ரிப்போஸ்தோ. அங்கிருந்து அரசு ரயிலில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் தவோர்மினா. இன்று கோடை நெரிசலுக்குப் பேர்போன அந்த ஊரில் பழைய மடம் ஒன்று சான் தொமெனிகோ ஹோட்டலாகத் திறந்தது 1896-இல், அதாவது இந்த ரயில் பாதை பாதி ஓடிக்கொண்டிருந்தபோது. அன்று வடக்கு ஐரோப்பியர் அங்கே வந்தது குளிர்காலத்தைக் கழிக்கத்தான். வெயிலுக்குப் பயந்து கோடையில் கிளம்பிவிடுவார்கள். உடம்பைக் கறுக்க வைப்பது நாகரிகமானது 1920-களில். பிரான்ஸில் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது 1936-இல். இத்தாலியில் ஆலைகள் ஆகஸ்டில் மூடுவது வழக்கமானது. சீசனைத் திருப்பிப் போட்டவை இவையே. சிசிலியின் வானமோ மண்ணோ இல்லை. கடலில் குளிக்கத்தான் போகிறேன் என்பவருக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அவர் தாராளமாகச் செப்டம்பரில் போகலாம், தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.