குரல் உயர்ந்தால் வகுப்பு அடங்குமா?

வானொலி வேலையில் சேர்ந்ததும் முதலில் தொற்றிக்கொள்வது மௌனத்தைப் பற்றிய பயம். மூன்று வினாடி சத்தம் இல்லாமல் போனாலே நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவாரோ என்று மனம் அடித்துக்கொள்ளும். பத்து ஆண்டுகள் ஆகியும் அந்தப் பயம் என்னை விடவில்லை. ஆனால், அதே மூன்று வினாடி மௌனம் என் தங்கைக்குப் பெரிய துணையாக இருந்தது.

தங்கை கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு ஆசிரியை. வகுப்பில் 32 பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே தொண்டை கட்டிவிட்டது. “அக்கா, நீ தினமும் நாலு மணி நேரம் பேசுற, உனக்கு மட்டும் எப்படிக் குரல் போகல? இப்படியே போனா வருஷக் கடைசியில நான் வேலைய விட்டுடுவேன்,” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடிக்கடி தண்ணீர் குடி, வயிற்றிலிருந்து மூச்செடு, கிசுகிசுத்துப் பேசாதே, அதுவும் குரல் நாணை வருத்தும். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க, குரலை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போடச் சொன்னேன். மறுநாள் தாளைப் பார்த்தால் 47 கோடுகள். அவற்றில் பெரும்பாலானவை பாடம் நடக்கும்போது விழுந்தவை அல்ல. காலையில் நுழையும்போது, புத்தகம் எடுக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, ஓய்வு முடிந்து திரும்பும்போது விழுந்தவை.

இதை ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் வெளிவந்த தம் நூலிலேயே எழுதியிருக்கிறார். வகுப்புகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தவர் அவர். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படித் திட்டினார் என்பதால் வகுப்புக்கு வகுப்பு பெரிய வேறுபாடு வரவில்லை. வகுப்பின் எல்லா மூலையையும் கவனிப்பதும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலின்றிக் கொண்டுபோவதும்தான் வேறுபாட்டைத் தந்தன.

தங்கை அங்கிருந்து தொடங்கினாள். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றாள். உள்ளே போனதும் செய்ய வெண்பலகையில் ஒரு சிறு வேலை காத்திருக்கும். புத்தகம் எடுப்பதையும் வரிசையில் நிற்பதையும் பாடம் போலவே சொல்லிக்கொடுத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள். பேசும் பிள்ளையின் பெயரை எல்லார் முன்னும் கூவாமல், அருகில் போய் மேசையை மெல்லத் தட்டினாள். ‘நல்ல பிள்ளைகள்’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, ‘இரண்டாவது வரிசை புத்தகத்தைத் திறந்துவிட்டது’ என்று பார்த்ததைச் சொன்னாள். மற்ற வரிசைகளும் திறந்தன.

அடுத்தது மௌனம். மேரி பட் ரோவ் என்ற கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று வினாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள், கண்டிக்க வேண்டிய தேவையும் குறைகிறது என்றார். தங்கை கையை உயர்த்திவிட்டுப் பேசாமல் நிற்கப் பழகினாள். முதல் நாள் அது யுகமாக இருந்ததாம்.

இத்தனைக்கும் மசியாத பையன் ஒருவன் இருந்தான். அவன் எப்போது எழுந்து ஓடுகிறான் என்று குறித்து வந்தபோது, பெரும்பாலும் வாசிப்பு நேரத்தில்தான் என்று தெரிந்தது. அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. தன் முறை வருவதற்குள் கலாட்டா செய்து தப்பித்துக்கொண்டான். இப்போது தினமும் பத்து நிமிடம் தனியாக அவனோடு வாசிக்கிறாள். அவன் இன்னும் எழுந்து திரிகிறான். ஆனால், போன வாரம் மூன்று வாக்கியத்தைத் தானே வாசித்துவிட்டு, “டீச்சர், இன்னொன்னு?” என்று கேட்டிருக்கிறான்.

இதையெல்லாம் கேட்ட எங்கள் மாமா, “அந்தக் காலத்துல ஒரு பிரம்பு போதும்,” என்றார். ‘கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், மத்தது உங்க பாடு’ என்று பெற்றோரே சொல்லிவிட்டுப்போன தலைமுறை அவர். ஆனால், 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படியே தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்த ஆசிரியரோ மட்டும்தான் பிரம்பைத் தொடலாம். மாணவிகளை அடிக்கவே கூடாது. அதைவிட முக்கியம், பிரம்பு அந்தப் பையனை உட்கார வைத்திருக்கலாம், வாசிக்க வைத்திருக்காது.

பெற்றோராகிய நம்மாலும் ஆசிரியருக்கு உதவ முடியும். பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, வீட்டில் யாருக்கோ உடல்நலமில்லை, வாசிக்கத் தடுமாறுகிறது என்றால் ஆசிரியருக்கு ஒரு வரி தெரியப்படுத்துங்கள். பள்ளியிலிருந்து புகார் வந்தால், ‘யார் மேல் தப்பு’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த நேரத்தில், என்ன பாடத்தில் நடந்தது’ என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தங்கை இப்போதும் வாரக் கடைசியில் கோடுகளை எண்ணுகிறாள். கடந்த வெள்ளிக்கிழமை 11. அடுத்த ஆண்டும் இரண்டாம் ஆண்டு வகுப்பையே கேட்டிருக்கிறாள்.