உஷா செய்தது சரியா?

சென்ற ஞாயிறு நமுனுகுல மலையை மழை மறைத்திருந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்து லயத்தில், குடும்பமாக அமர்ந்து 'அந்த நாள்' படம் பார்த்தோம். 1954இல் வெளிவந்த, எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. 1943இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்துக் கதை அது. வானொலிப் பொறியாளன் ராஜனாகச் சிவாஜி கணேசன் நடித்திருக்கிறார். அவன் பகைவரின் உளவாளியாகிறான். உண்மையறிந்த மனைவி உஷா தடுக்க முயல்கிறாள். முடிவில் அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து அவன் மாள்கிறான்.

படம் முடிந்ததும் வீட்டில் வழக்கு எழுந்தது.

"தாலி கட்டியவனைக் காட்டிக் கொடுக்கலாமா?" என்றார் என் தாயார்.

"குண்டு விழுந்தால் சாவது பிறர் வீட்டுப் பிள்ளைகளல்லவா, அப்பாயி?" என்றாள் என் மகள். பிறகு என்னை நோக்கி, "நீங்கள் தவறு செய்தால் நான் மறைக்க வேண்டுமா, அப்பா?" என்று கேட்டாள்.

நான் வாயடைத்துப் போனேன். முந்திய வாரம் கடை முதலாளி கடன் கேட்டு வந்தபோது, "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லும்படி அவளை வாசலுக்கு அனுப்பியவன் நானே அல்லவா! உஷாவுக்கு வந்த சோதனை பெரிது. பிள்ளைகளுக்கோ அது இத்தகைய சிறு பொய்யிலேயே தொடங்கிவிடுகிறது.

மறுநாள் கடைக்குச் சென்று, உண்மையைச் சொல்லித் தவணை கேட்டேன். மகளையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன்.