பையில் தேங்காய்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கிறது. அங்கே பஸ்ஸுக்காக நின்றேன். ஒருத்தி தன் சிநேகிதியிடம், "கொஹெத யன்னே?" என்று கேட்டாள், எங்கே போகிறாய் என்று அர்த்தம். மற்றவள் "மல்லே பொல்!" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்ற முஸ்லிம் அக்கா விளக்கினார்: "பையில தேங்காயாம், தங்கச்சி! கேட்டதுக்குச் சம்பந்தமில்லாத பதில். சிங்களத்தில பழைய பகிடி."

எனக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. இதே வீதியின் சோதனைச் சாவடிகளில் எத்தனை தடவை கேட்ட கேள்வி அது! அடையாள அட்டையை நீட்டி, நடுங்கியபடி பதில் சொன்னோம். பகிடி விட முடியுமா? 2009இல் போர் முடிந்தும், அந்தச் சொல்லைக் கேட்டால் கை தானாக அட்டையைத் தேடுகிறது.

பஸ் வந்தது. "தங்கச்சி எங்க போறீங்க?" என்றார் அக்கா.

"மல்லே பொல்!" என்றேன். அவரோடு நானும் சிரித்தேன்.